அகலப் பாதத்துக்கு ஏற்ற ஆண்கள் ஷூ எங்கே வாங்குவது?

ஒரு வாசகரின் கேள்வி, 9 ஆகஸ்ட் 2025

எனக்கு வயது 41. சென்னையில் ஒரு நகைக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். கறுப்புத் தோல் ஷூ கட்டாயம். இரண்டு ஆண்டுகளில் மூன்று ஜோடி மாற்றிவிட்டேன். மூன்றும் பெயர்பெற்ற கடைகளில் வாங்கியவை, மூன்றிலும் மாலையானால் சுண்டுவிரல் எரிகிறது. நான்காயிரம் ரூபாய் வரை செலவழிக்க முடியும். ஆம்பூரில் மலிவாகவும் தரமாகவும் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? நல்ல ஷூவை எங்கேதான் வாங்குவது?

10 ஆகஸ்ட் 2025

உண்மைதான், ஆம்பூருக்குப் போங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். காலையில் ரயிலேறினால் இரவுக்குள் ஒரு ஜோடியோடு வீடு திரும்பிவிடலாம். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்களுக்குத் தோலும் ஷூவும்தான் பிழைப்பு. முன்பு இங்கிருந்து பதனிட்ட தோல்தான் கப்பலேறியது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்துமாறு 1972இல் மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு பரிந்துரைத்த பிறகுதான், முழுமையான தோலையும் அதைத் தொடர்ந்து ஷூவையும் இங்கேயே செய்யும் தொழிற்சாலைகள் பெருகின. ஏற்றுமதியில் மிஞ்சியவையும், தையலில் சிறு பிசகு இருப்பதாகத் தள்ளப்பட்டவையும் நெடுஞ்சாலையோரக் கடைகளுக்கு வருகின்றன. அப்படியொரு கடையில் 2019இல் 1,450 ரூபாய்க்கு வாங்கிய பழுப்பு நிற ஜோடி இன்றும் என் காலில் இருக்கிறது.

பிரியாணியை முதலில் முடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நாக்குக்காகச் சொல்லவில்லை. பிற்பகலில்தான் பாதம் சற்று வீங்கியிருக்கும். அந்த வீக்கத்தோடு போட்டுப் பார்த்து வாங்குவதே முறை.

10 ஆகஸ்ட் 2025, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. மிச்சச் சரக்கு விற்கும் கடைகளில் வலது காலில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து வராதீர்கள். இரண்டையும் அணிந்து பத்தடி நடந்து, உள்ளே அச்சிட்டிருக்கும் எண்கள் இரண்டும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். மேலே நான் பெருமையாகச் சொன்ன ஜோடியில் இடது 8, வலது எட்டரை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன், கடையில் மாற்றித்தரும் வழக்கமும் இல்லை. ஆறு ஆண்டுகளாக அதையே போடுகிறேன். அதைத் தரம் என்பதா, அதிர்ஷ்டம் என்பதா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

13 ஆகஸ்ட் 2025

முதல் குறிப்பை என் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் (எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை) ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் பிரிவிலும், பிறகு சோதனைப் பிரிவிலுமாக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். கேட்டுவிட்டு, "சுண்டுவிரல் எரிகிறது என்று சொல்லும் மனிதரையா இங்கே வரச் சொன்னாய்?" என்றார்.

அவர் சொன்னதன் சாரம் இது. ஷூவை வெறுமனே தைத்து உருவாக்குவதில்லை. பாதத்தின் வடிவில் அமைந்த லாஸ்ட் என்னும் அச்சின்மேல் அப்பரை இழுத்துப் பொருத்தித்தான் உருவாக்குகிறார்கள். ஷூவின் உள்வெளி முழுவதும் அந்த லாஸ்டின் வெளிவடிவம்தான். ஏற்றுமதிக்கான ஷூ, வாங்குகிற நாட்டாருடைய பாதத்துக்கு என்று வடித்த லாஸ்டில் ஏறியது. எட்டாம் எண் என்றால் ஐரோப்பியர் பாதத்துக்கான எட்டு. நீளம் நமக்குப் பொருந்தும், முன்பாத அகலம் பலருக்குப் பொருந்தாது. தோலும் தையலும் உயர்தரமாக இருப்பதாலேயே அது விட்டுக்கொடுக்காமல் இறுக்கும்.

இது அக்காவின் அனுபவம் மட்டுமன்று. அடையாற்றில் 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பரிலிருந்து சில மாதங்கள் நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாண முறையில் அளந்தது. இந்தியப் பாதங்கள் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்பதும், அவற்றை மேனாட்டு அளவு முறைக்குள் திணித்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் அதில் தெரியவந்தன. அதன் அடிப்படையில் நமக்கென்று 'பா' என்ற பெயரில் ஓர் அளவு முறையையும் அந்த நிறுவனம் முன்மொழிந்திருக்கிறது. கடையில் அந்த எண்ணைக் கேட்டால் விற்பனையாளர் விழிப்பார்.

ஆக, என் முதல் குறிப்பை அரைகுறையாகத் திரும்பப் பெறுகிறேன். எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு முன் உங்கள் பாதம் எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் ஆம்பூர் போனாலும் ஒன்றுதான், லண்டன் போனாலும் ஒன்றுதான்.

17 ஆகஸ்ட் 2025

அளவெடுப்பது எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். மாலையில், போடப்போகும் காலுறையோடு, தரையில் தாளை விரித்து இரண்டு கால்களிலும் எடையைச் சமமாகத் தாங்கி நில்லுங்கள். உட்கார்ந்து எடுத்த அளவு பயன்படாது, ஏனெனில் எடை இறங்கும்போது பாதம் நீண்டு விரிகிறது. வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். நீங்களே குனிந்து வரைந்தால் எடை முன்னே சாய்ந்து கோடு பொய் சொல்லும். குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல்வரை நீளம். பலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம் என்பதைக் கவனியுங்கள். பெருவிரலின் அடிமூட்டிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டுவரை அகலம்.

நான் வேலூரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பணிமனைப் பயிற்றுநர்; அளவுகோல் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. எனினும் ஐம்பத்து மூன்று வயதுவரை சொந்தப் பாதத்தை அளந்ததில்லை. இடது 258 மில்லிமீட்டர், வலது 263, அகலம் இரண்டிலும் 108.

ஷூ எண்ணின் கணக்கு வேடிக்கையானது. நம் கடைகளில் புழங்கும் பிரிட்டன் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வேறுபாடு ஓர் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.46 மில்லிமீட்டர், அது ஒரு வாற்கோதுமை (பார்லி) மணியின் நீளம் என்று கொள்ளப்பட்டது. ஐரோப்பிய முறையில் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மில்லிமீட்டர். இரண்டுமே அளப்பது லாஸ்டை, பாதத்தை அல்ல. பிரிட்டன் 8ஆம் எண் லாஸ்ட் 11 அங்குலம், அதாவது 279 மில்லிமீட்டர்; ஐரோப்பிய 42 என்பது 280. இரண்டையும் சமமாக எழுதுவது இதனால்தான். விரல்களுக்கு முன்னால் விடும் இடைவெளியும் அந்த நீளத்துக்குள் அடக்கம். எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்று அளந்த நம்மவர்களைக் கேலி செய்தவர்கள், நாம் நெல்லை வைத்த இடத்தில் வாற்கோதுமையை வைத்திருக்கிறார்கள்.

கவனித்தீர்களா? அரை எண் என்பது 4.2 மில்லிமீட்டர், என் இரு பாதங்களின் வேறுபாடு 5. ஆம்பூரில் தவறாக ஜோடி சேர்த்த புண்ணியவான் எனக்கென்றே அளவெடுத்துச் சேர்த்தது போலிருக்கிறது. அந்த ஷூவின் பெருமை இப்போது முழுமையாக விளங்கிவிட்டது.

18 ஆகஸ்ட் 2025

அகலம் போதவில்லை என்றால் ஓர் எண் கூட்டி வாங்கலாமே என்று மதுரை நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன், அது தவறு. ஓர் எண் கூடினால் நீளம் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் கூடுகிறது, அகலமோ அதில் சிறு பங்குதான் கூடும். குதிகால் உள்ளே வழுக்கும். நடக்கும்போது ஷூ மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் ஒன்றாக இராமல் மடிப்பு விரல்களின்மேல் விழுந்து அழுத்தும். இறுக்கத்துக்குப் பதில் உராய்வு, எரிச்சல் அதேதான். என் வலக் குதிகாலில் பத்து ஆண்டுக் காய்ப்பு இதற்குச் சாட்சி.

நாடா கட்டும் ஷூவில் டெர்பி வகையைப் பாருங்கள். நாடாத் துளைகள் உள்ள இரு பட்டைகளும் மேலே திறந்து விரியக்கூடியவை என்பதால் உயர்ந்த புறங்காலுக்கும் அகலப் பாதத்துக்கும் இடம் கொடுக்கும். ஆக்ஸ்ஃபர்டு வகையில் அந்தப் பட்டைகள் அடியில் தைத்து மூடப்பட்டிருக்கும். நாடா இல்லாத லோஃபர் நமக்கு ஆகாது. விடும் வழியும் இல்லை, இறுக்கும் வழியும் இல்லை.

19 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்டவர் ஒரு செய்தி சேர்த்திருக்கிறார். சென்ற முறை ஷூ வாங்கிய கடையில் விற்பனையாளர் அவர் பாதத்தைப் பார்த்து, "கால்தான் சார் குறை" என்றாராம். செருப்புக்காகக் காலை வெட்டச் சொல்லாததுதான் பாக்கி. வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த பாதத்தில் விரல்கள் விரிந்திருப்பது குறையன்று. 1992இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்றில் எலும்பு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்துப் பார்த்தபோது, ஷூ, செருப்பு அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரிந்த பாதத்துக்கு வெட்கப்பட வேண்டாம்.

24 ஆகஸ்ட் 2025

நேற்று வேறு வேலையாகச் சென்னை போனவன் பெரியமேட்டுக்கும் போய்வந்தேன். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். தோல் வணிகத்தின் பழைய பேட்டை. சுருட்டிய தோல், சோல், நாடா, பசை, குதிகட்டை என்று ஷூவின் உறுப்புகள் தனித்தனியாக விற்கும் தெருக்களும், ஆயத்த ஷூ விற்கும் கடைகளும், மாடியில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து செய்யும் பட்டறைகளும் கலந்திருக்கின்றன. பசை வாடை மூக்கைத் துளைக்கும்.

ஆயத்தக் கடைகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. நல்லதும் இருக்கிறது, ரெக்சினைத் தோல் என்று விற்பதும் இருக்கிறது. வெட்டுவாயைப் பார்த்தால் தெரிந்துவிடும். தோலின் விளிம்பில் நார்கள் தெரியும். ரெக்சினின் விளிம்பில் துணியும் அதன்மேல் ஒரு படலமும் தெரியும். அசல் தோல் என்ற முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் அடியடுக்குத் தோலின்மேல் தடித்த பூச்சு பூசியதும் பெயரளவில் தோல்தான். கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல தோலில் நுண்ணிய சுருக்கங்கள் விழுந்து உடனே மறையும். பூச்சுத் தோல் மொத்தமாகக் குழிந்து எழும், ஓராண்டில் மடிப்பில் வெடிக்கும். உள்துணியையும் பாருங்கள். நம் வெயிலுக்கு உள்ளேயும் தோல் வைத்ததுதான் வேர்வையை வாங்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் இந்த மண்ணின் பழைய கைவேலை, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. தாவரப் பதனீட்டுத் தோலை உள்ளே வைத்த ஷூ கிடைத்தால் விடாதீர்கள்.

நான் தேடிப் போனது பட்டறையை. ஒரு பெரியவர் என் பாதத்தைத் தாளில் வரைந்ததோடு நிற்காமல், முன்பாதத்திலும் புறங்காலிலும் குதிகாலோடு சேர்த்தும் அளவு நாடாவால் சுற்றளவு எடுத்தார். எனக்கென்று புதிய லாஸ்ட் வடிக்கவில்லை. கையிலிருந்த எட்டரை எண் லாஸ்டில் சுண்டுவிரல் பக்கமாகத் தோல் துண்டை ஒட்டி, அரத்தால் தேய்த்து அகலப்படுத்தினார். பணிமனைக்காரனாகிய எனக்கு அந்தப் பத்து நிமிடத்தைப் பார்க்கவே கட்டணம் கொடுத்திருக்கலாம். சோலை வெறுமனே ஒட்டுவதா, ஒட்டித் தைப்பதா என்று கேட்டார். தைக்கச் சொன்னேன். 3,600 ரூபாய், மூன்று வாரம்.

14 செப்டம்பர் 2025

இது எதிர்பாராத குறிப்பு. நேற்று மாலை உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பு. பீரோவில் பெட்டியோடு வைத்திருந்த கறுப்பு ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். ஏழெட்டு ஆண்டுகளில் நான்கு முறைதான் போட்டிருப்பேன், மேலே புத்தம்புதிது. மண்டபத்தில் நுழைந்து மேடைக்குப் போவதற்குள் சோல் பொடிப்பொடியாக உதிர்ந்து, சிவப்புக் கம்பளத்தின்மேல் நான் வந்த வழியெங்கும் கறுப்புத் துணுக்குகள் கிடந்தன. சிறுவர்கள் இருவர் அதைப் பொறுக்கிக்கொண்டே பின்னால் வந்தார்கள். நிழற்படத்தில் காலை மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

கடைக்காரர்மீது குற்றமில்லை. பாலியூரித்தேன் சோல்கள் மெத்தென்று எடை குறைவாக இருக்கும். ஆனால் அவற்றில் பல, காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே மெல்லச் சிதைந்துவிடுபவை. நடக்கும்போதாவது அழுத்தத்தில் ஈரம் ஓரளவு வெளியேறும். பெட்டியில் பூட்டிவைத்தால், அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில், சிதைவு விரைகிறது. போட்டுத் தேய்ந்ததைவிடப் போடாமல் தேய்ந்ததே அதிகம். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கை வாங்குவோர், சோல் என்ன பொருள் என்றும், செய்த மாதம், ஆண்டு என்ன என்றும் பெட்டியில் பாருங்கள். ரப்பர் சோல் சற்றுக் கனக்கும், ஆனால் இப்படி மானத்தை வாங்காது.

21 செப்டம்பர் 2025

பெரியமேட்டு ஜோடி வந்துவிட்டது. மூன்று வாரம் நான்கு வாரமாயிற்று. அகலம் சொல்லி வைத்தாற்போல் பொருந்துகிறது; ஆறு மணி நேரம் பணிமனையில் நின்றும் சுண்டுவிரல் இருப்பதே நினைவுக்கு வரவில்லை. குதிகால் மட்டும் சற்றுத் தளர்வு. லாஸ்டை முன்பக்கம் அகலப்படுத்தினாரே தவிரப் பின்பக்கம் குறைக்கவில்லை. உள்ளே ஒரு மெல்லிய தோல் திண்டு ஒட்டிக் கொடுத்தார், இப்போது சரி. அழகு என்று பார்த்தால் முன்பக்கம் பனங்காய் போல இருக்கிறது. மாணவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். கூர்மூக்கு ஷூ வேண்டுவோருக்கு இந்த வழி பிடிக்காது.

27 செப்டம்பர் 2025

சிறு தகவல். இம்மாதம் 22ஆம் தேதி முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்குச் சரக்கு, சேவை வரி 5 விழுக்காடு. அதற்கு மேல் 18. முன்பு ஆயிரம் ரூபாயைத் தாண்டினாலே 18. எனவே இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வாங்குவோர் பழைய விலைச்சீட்டை அப்படியே ஏற்காமல் கேளுங்கள். 2,600 ரூபாய் ஷூ இனி அவ்வளவாகக் கண்ணில் படாது என்று நினைக்கிறேன்.

2 நவம்பர் 2025

பெரியமேட்டுக்கு நான்கு முறை அலைய எல்லோராலும் முடியாது என்ற கண்டனம் நியாயமானது. ஆயத்த ஷூவிலேயே அகலம் பார்த்து வாங்க வழி உண்டு. பிரிட்டன் முறையில் எஃப், ஜி, எச் என்று எழுத்து ஏற ஏற அகலம் ஏறும். அமெரிக்க முறையில் ஆண்களுக்கு டி பொது அகலம், 2ஈ அகலம், 4ஈ மிக அகலம். நியூ பேலன்ஸ் போன்ற விளையாட்டுக் காலணி நிறுவனங்கள் 2ஈ, 4ஈ அளவுகளில் செய்கின்றன. சில மாதிரிகள் கறுப்பு நிறத்திலும் வருவதால், கெடுபிடி குறைந்த அலுவலகங்களில் சமாளித்துவிடலாம், நகைக்கடையில் முடியாது. தோல் ஷூவிலும் பெட்டியின் பக்கவாட்டில் எண்ணுக்கு அருகே அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தே இல்லாத ஷூக்கள்தான் நம் கடைகளில் மிகுதி, அவற்றின் அகலத்தைக் காலால்தான் அறிய வேண்டும்.

விலையைப் பற்றிக் கவலையில்லை என்பவர்களுக்கு, சென்னையிலேயே பிரிட்லென் என்ற பெயரில் குட்இயர் வெல்ட் முறையில் ஷூ செய்கிறார்கள். அந்த முறையில் அப்பரையும் உள்சோலையும் ஒரு தோல் பட்டையோடு தைத்து, அந்தப் பட்டையோடு வெளிச்சோலைத் தைப்பதால், சோல் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். எனக்கு அதை வாங்கும் வசதி இல்லை. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்ப வைத்தேன்.

30 நவம்பர் 2025

மழை. நனைந்த ஷூவை வெயில் தலைகாட்டியதும் மாடியில் வைக்காதீர்கள், தோல் விறைத்து முன்பக்கம் சுருங்கும். சிரமப்பட்டுத் தேடிய அகலம் போய்விடும். பாதம் படியும் உள்விரிப்பான இன்சோலைக் கழற்றிவிட்டு, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, மின்விசிறிக் காற்றில் நிழலில் காயவிடுங்கள். நாள்தோறும் ஒரே ஜோடியைப் போடாமல் இரண்டை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் நீடிக்கும். நான்காயிரத்துக்கு ஒன்று வாங்குவதா, இரண்டாயிரத்துக்கு இரண்டா என்று கேட்டால் நான் இரண்டின் பக்கம்.

11 ஜனவரி 2026

கேள்வி கேட்டவர் ஆம்பூர் போய்வந்துவிட்டார். பிரியாணி, பிறகு கடை என்று வரிசை தப்பாமல் செய்திருக்கிறார். தன் பாதத்தைத் தாளில் வரைந்து வெட்டி எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு ஷூவின் இன்சோலையும் உருவி அதன்மேல் வைத்துப் பார்த்தாராம். எனக்குத் தோன்றாத வழி. தாள் விளிம்புக்கு வெளியே நீட்டினால் அந்த ஷூவைக் காலிலேயே போடவில்லை. நான்கு கடைகளில் பத்தொன்பது ஜோடி பார்த்து, எச் என்று குறியிட்ட ஒரு கறுப்பு டெர்பியை 2,200 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். மூன்று வாரமாக நிற்கிறார், எரிச்சல் இல்லையாம். ஆகவே என் முதல் குறிப்பும் முழுத் தவறில்லை என்று அக்காவிடம் சொன்னேன். "பத்தொன்பதில் ஒன்று" என்று மட்டும் சொன்னார்.

பெரியமேட்டு ஜோடியின் வலது குதிகட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது. நான் சாய்ந்து நடப்பவன் என்று பெரியவர் சொல்லித்தான் தெரிந்தது. மாற்றுவதற்குக் கொடுத்திருக்கிறேன், பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை இடது 8, வலது எட்டரை.